நடக்கும் வேகத்தில் ஓர் அலை

ஜூன் 1, ஞாயிறு

அலை தெரிந்தது.

இதை எழுதுவதற்காகவே பரணில் கிடந்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன். இருபது வருடமாக அலைச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுகிறேன், டஸ்டரால் அழிக்கிறேன், பரீட்சைத் தாளில் யாராவது தப்பாக எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுகிறேன். இன்றைக்குத்தான் அது போவதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், ஈரலுக்குப் பதிலாக ஒரு டிபன் பாக்ஸில் உறைய வைத்த கடல்பாசிக்குள்.

கோவைக்காரி எதையும் செலவு பார்த்துத்தான் செய்வாள் என்பார்கள். சரிதான். ஈரலில் தழும்பு விழுந்தால் அது இறுகிப்போகும். விலாவுக்குள் ஒளிந்திருப்பதால் கையால் அமுக்கிப் பார்க்க வழியில்லை. ஆகவே வெளியே இருந்து ஒரு ஸ்பீக்கரை வைத்து லேசாக அதிர வைக்கிறோம். ஸ்கேன் மெஷின் உள்ளே பரவும் அதிர்வைப் படமெடுக்கிறது. மெத்தென்ற ஈரலில் அலை மெதுவாகப் போகும், இறுகிய ஈரலில் வேகமாக ஓடும். படத்தைப் பார்த்து, வேகத்தைக் கண்டுபிடித்து, இறுக்கத்தைச் சொல்வது என் புரோகிராமின் வேலை. அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானை எழுத எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கு ராட்சத மெஷின்கள் இருக்கின்றன. நாங்கள் செய்வது மலையடிவார சுகாதார நிலையம் வரை கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு பெட்டி. கணக்கு என்னுடையது. பழைய ஸ்கேன் மெஷினும் மருத்துவமும் டாக்டர் ஷெரினுடையது.

கடல்பாசி தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்கு ஒன்றும் தெரியாது. கலங்கலாக்க இசப்கோல் உமியைக் கலக்க வேண்டும். வாரம் இரண்டு டப்பா வாங்கும் என்னைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் ரொம்ப அக்கறையாக வாழைப்பழம் சாப்பிடச் சொல்கிறார்.

அசைவு ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் திரையில் பெரிதாக்கினால், குளத்தில் கல் விழுந்த மாதிரி வளையம் வளையமாகப் போகிறது. நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. நாற்பத்தேழு வயதில் ஒரு டிபன் பாக்ஸைப் பார்த்துக் கண் கலங்கியதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து மாஸ்டரிடம் சொல்லலாம் என்றால், டி.வி.யில் மேட்ச் ஓட, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்பது என் கணவர் சென்னியப்பன். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊருக்கே மாஸ்டர் என்பதால் எனக்கும் மாஸ்டர்தான். மத்தியானத் தூக்கம் புதுப் பழக்கம். ஐம்பதை நெருங்குகிறாரே.

ஜூன் 3

மாஸ்டரின் சாக்ஸ் எலாஸ்டிக் கணுக்காலில் பள்ளம் போடுகிறது. தளர்வானதாகப் பார்த்து நான்கு ஜோடி வாங்கினேன். இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகத் தைப்பதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கு முதல் மனிதர். அது மாஸ்டர்தான்.

ஆரோக்கியமான ஒருவரை வைத்து மெஷினைச் சரிபார்த்துக்கொள்ள அனுமதி வந்துவிட்டது. குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது, மஞ்சள் காமாலை வந்திருக்கக்கூடாது. ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்று டாக்டர் ஷெரின் சொன்னார். மாஸ்டருக்கு ஊசி என்றால் ஆகாது. நூறு பையன்களை ஒரு விசிலில் நிறுத்துகிறவர், ஊசியைப் பார்த்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ரத்தத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், இவரைவிட ஆரோக்கியமான ஆளை இந்த ஜில்லாவில் காட்டுங்கள் என்று நான்தான் டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

உண்மையும் அதுதானே. சாயங்காலம் வாய்க்கால் ரோட்டில் நடக்கப் போனால் அவர் எனக்குக் கால் மைல் முன்னால் போவார். பாலத்துத் திட்டருகே நின்று, வாட்சைப் பார்த்துக்கொண்டு, நான் வந்து சேர்ந்ததும் ‘லேட்டு’ என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான். கொஞ்ச நாளாகத் திட்டில் உட்கார்ந்தே காத்திருக்கிறார், லேட்டு என்று சொல்வதும் இல்லை. வயது மனிதனுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கிறது.

சட்டையைக் கழற்றிப் படுத்தார். விலாவின் மேல் ஸ்பீக்கரைப் பட்டியால் கட்டினோம். அது உறுமத் தொடங்கியதும் தலையைத் தூக்கி, “ஏங் கோதை, இதென்ன மில்லு ஓட்டறியா?” என்றார். பேசாமல் படுக்கச் சொன்னேன்.

பிறகு திரையில் வந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிற மனிதர். அவருக்கு உள்ளே, அவருக்கே தெரியாத ஓர் இருட்டில், அலை அலையாக எழுந்து போய்க்கொண்டிருந்தது. கடல்பாசியில் பார்த்தது பொம்மை. இது உயிர். மூச்சை இழுத்தால் மொத்தமும் கீழே இறங்கி, விட்டால் மேலே வந்தது. கையிலிருந்து மவுஸ் இரண்டு முறை தவறிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். நல்ல ஈரலில் அலை விநாடிக்கு ஒன்றேகால் மீட்டர் போக வேண்டும். நான் காய்கறி வாங்கப் போகிற வேகம். இவருக்கு 2.6 காட்டுகிறது. அது ஓட்டப் பயிற்சி வேகம். ஸ்கேன் பிடிக்கும் கருவியை வேறு வேறு கோணத்தில் திருப்பிப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். பட்டியை எல்லாம் அவிழ்த்தாகிவிட்டது. அடுத்த வாரம் என்றேன்.

ஜூன் 11

வாழைக்காய் பஜ்ஜி போடலாம் என்று காயைச் சீவும்போது விடை கிடைத்தது. காயை நேராகச் சீவினால் வட்டம். சாய்த்துச் சீவினால் நீள வட்டம். காய் ஒன்றுதான், துண்டுதான் நீளமாகத் தெரிகிறது. அலையும் அப்படித்தான். நம் படத்துக்குச் சாய்வாக அது குறுக்கே போனால், அலைக்கு அலை உள்ள இடைவெளி நீளமாகத் தெரியும், வேகம் கூடுதலாக வரும். அறுபது பாகை சாய்ந்தால் சரியாக இரண்டு மடங்கு. 2.6 ஏன் வந்தது என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

ஸ்பீக்கர் எல்லோருக்கும் ஒரே இடத்தில், ஒரே பட்டியில்தான் கட்டப்படும். அதனால் எல்லோருக்கும் ஒரே சாய்வு. எல்லோருக்கும் வேகத்தைப் பாதியாக்கிவிட்டால் முடிந்தது.

பஜ்ஜியை மாஸ்டர் தொடவில்லை. எண்ணெய் நெடி ஆகவில்லையாம். நானே எல்லாவற்றையும் தின்றேன், சந்தோஷத்தில்.

ஜூன் 15, ஞாயிறு

பாதியாக்கினேன். 1.3. ஈரல் முழுக்க நீலம். எங்கள் படத்தில் நீலம் என்றால் மெத்தென்று, ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். சிவப்பு இறுக்கம். இவ்வளவு அழகான நீலத்தை நான் பார்த்ததில்லை. டில்லி மாநாட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் ‘ஆரோக்கியமான ஈரல்’ என்று தலைப்புக் கொடுத்து அதைச் சேர்த்தேன். கம்ப்யூட்டர் திரையிலும் அதையே வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் கல்யாணப் போட்டோ வைத்திருக்கிறார்கள்.

கருவியைத் திருப்பிப் பார்க்கிற வேலை பாக்கி. மாஸ்டர் அசதியாக இருக்கிறது என்றார். அடுத்த வாரம்.

ஜூன் 19

பல் தேய்க்கும்போது மாஸ்டருக்கு ஈறில் ரத்தம். பிரஷ் ரொம்ப முரடு. மிருதுவானதாக வாங்க வேண்டும். மட்டன் குழம்பு மூன்றாவது நாளாக ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாவது ஆள் டாக்டர் ஷெரின். கேட்டதும் அவரே படுத்துக்கொண்டார், ஒரு கேலியும் இல்லாமல். ரத்தப் பரிசோதனை முதற்கொண்டு எல்லாம் முடித்து வைத்திருந்தார்.

வந்த வேகம் 0.6. ஈரலே இல்லை, கெட்டித்தயிர். கடல்பாசிகூட இதைவிட இறுக்கம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். “இவ்வளவு இளகின மனசுன்னு எனக்கே தெரியாது மேடம்” என்றார். பட்டி தளர்ந்திருக்கும் என்று மறுபடி கட்டினோம். மறுபடியும் 0.6.

கிளம்பும்போது சாருக்கு அந்த ரத்தப் பரிசோதனை எடுத்தாகிவிட்டதா என்று சாதாரணமாகக் கேட்டார். ஸ்பீக்கரின் ஒயர் லூசாக இருப்பதைக் காட்டி, அதை முதலில் பார்க்க வேண்டும் என்றேன். ஒயர் லூசாகத்தான் இருந்தது.

ஜூன் 24

மாஸ்டரின் உள்ளங்கை செக்கச் சிவந்திருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணத்தில் மருதாணி வைத்தார்கள் என்று கேலி செய்தேன். பையன்களுக்குக் கயிறு இழுக்கக் கற்றுக்கொடுத்ததாம். கயிறு இழுத்தது போன வாரம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும்.

நோயாளி என்று உறுதியாகத் தெரிந்த ஒருவரை டாக்டர் அழைத்து வந்திருந்தார். குப்புராஜ், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பல வருடக் குடி, இப்போது விட்டுவிட்டார். ஈரலில் தழும்பு முற்றிய நிலை என்று ஊசிவழி சதை எடுத்துப் பார்த்தே உறுதி செய்திருக்கிறார்கள். எங்கள் பெட்டி கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஆள்.

திரையில் 1.6. நீலம், ஓரத்தில் கொஞ்சம் பச்சை. கீழே என் புரோகிராம், நானே எழுதிக்கொடுத்த வார்த்தையில், ‘இயல்பு’ என்றது.

குப்புராஜ் எழுத்துக்கூட்டிப் படித்தார். எழுந்து உட்கார்ந்தார். “அம்மிணி, அப்ப எனக்கு நல்லாயிடுச்சுங்களா?” என்றார்.

வெளியே உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிடப் போய்விட்டார். சட்டை பட்டன்கூடப் போடவில்லை. டாக்டர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து நிறுத்தி, மெஷின் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது, இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். குப்புராஜ் தலையாட்டினார். அவர் முகத்தில் வந்திருந்த வெளிச்சம் அணைவதை நான் ஜெல் துடைக்கும் துணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த வெளிச்சத்தை வரவழைத்தது நான் போட்ட ஒரு பாதி.

இது மலையடிவாரத்தில் நடந்திருந்தால், அணைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நல்லாயிருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

ஜூலை 7

மழை. துணி காயவில்லை.

ஜூலை 10

பாதியை எடுத்துவிட்டுப் புரோகிராமை ஓட்டினேன். டாக்டர் ஷெரின், 1.2. குப்புராஜ், 3.2. இரண்டும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறபடி. கடல்பாசியும் சரி.

மூன்றாவது ஃபைலைத் திறக்கவில்லை.

மாஸ்டரின் டிராக் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நாடாவை மாற்றித் தைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. பல வருடமாக என் ‘மறுபடி’களுக்குப் பழகியவர். வண்டி ஓட்டட்டுமா என்று நான் கேட்டபோது மட்டும் திரும்பிப் பார்த்தார். நான் அப்படிக் கேட்டதே இல்லை.

பட்டி கட்டினோம். கருவியை நான் பிடித்தேன், டாக்டர் திரையருகே நின்றார். அலை சாய்வாகப் போகிறது என்ற என் வாழைக்காய்க் கணக்கு உண்மையானால், கருவியைத் திருப்பத் திருப்ப வேகம் மாற வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் நேராக வெட்டி, 1.3-க்கு இறங்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஐந்து வாரம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

முதல் கோணத்தில் 2.6. கொஞ்சம் திருப்பினேன், 2.6. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், 2.7. விலாவின் அடுத்த இடுக்குக்குப் போனேன். குறுக்கே வைத்தேன். மூச்சை நிறுத்தச் சொன்னேன், விடச் சொன்னேன். 2.6. நான் விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தேன் போல. டாக்டர் மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்து, “போதும் மேடம்” என்றார்.

திரையில் அலை அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. நெருக்கமில்லாமல், அகல அகலமாக, அவசரமாக. முதல் நாள் பார்த்து மவுஸ் தவறிப்போன அதே அழகு. அன்றைக்கே அது சொல்லியிருக்கிறது. அந்தச் சமன்பாட்டுக்கு இவர் என் கணவர் என்று தெரியாது, பி.டி. மாஸ்டர் என்று தெரியாது, கால் மைல் முன்னால் நடப்பவர் என்று தெரியாது. அதிர்ந்தது, ஆகவே இவ்வளவு இறுக்கம் என்றது. நான்தான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொண்டுபோய் அதன் வாயில் திணித்தேன். உடம்பெல்லாம் பயம். அந்தப் பயத்துக்கு நடுவிலும், வெட்கமில்லாமல், ஒரு பிரமிப்பு. வெறும் கணக்கு, ஒரு மனிதனின் விலாவுக்குள் போய் உண்மையைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது.

முதல் நாளே ஈரல் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரிந்ததாகவும், பழைய மெஷின் என்று விட்டுவிட்டதாகவும் டாக்டர் சொன்னார். அவர் குரலும் சரியாக இல்லை.

மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். “உம்பட சமன்பாடு என்ன சொல்லுது கோதை?”

சமன்பாடு சரியாகத்தான் சொல்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றேன். ஊசி என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, எடுக்கச் சொல்லு” என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 14

ரத்தம் எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிவந்த உள்ளங்கை சுட்டது. ஈறு, பஜ்ஜி, சாக்ஸ் எலாஸ்டிக், தொடாத மட்டன், திட்டில் உட்காருவது. எல்லாவற்றையும் இந்த டைரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு பிரஷ் வாங்கப் போயிருக்கிறேன்.

ஜூலை 18

ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போதோ சின்ன வயதிலோ ஒட்டியிருக்கும் என்கிறார்கள். குடியும் இல்லை, யார் குற்றமும் இல்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சத்தம் போடாமல் உள்ளே இருந்திருக்கிறது. ஈரலில் தழும்பு நிறைய. ஆனால் இன்னும் தாக்குப்பிடிக்கிற கட்டம்தான், கைமீறிப் போகவில்லை. தினம் ஒரு மாத்திரை, ஆயுளுக்கும். கிருமியை அடக்கிவிட்டால் ஈரல் தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்றார் ஈரல் சிறப்பு மருத்துவர். எவ்வளவு என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால்? அவர் மாத்திரைச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

ஈரல் என்ன மாதிரி உறுப்பு என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். பாதி தழும்பாகிப்போயும் முனகாமல், இந்த மனிதரை வெயிலில் ஓட வைத்து, விசில் ஊத வைத்து, கூட இருக்கிறவளுக்கு ஒரு சந்தேகமும் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வலிக்கத் தெரியாத உறுப்பாம். அதனிடம் பேச்சுக்கொடுக்க அலைதான் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் கேட்டார். எவ்வளவு மோசம் என்பதை எண்ணில் சொல்லாதே, புரிகிற மாதிரி சொல் என்றார். நான் சொன்னேன். “நல்ல ஈரல்ல அலை நான் நடக்கற வேகத்துல போகுமுங்க. உங்களுதுல நீங்க கிரவுண்ட்ல ஓடற வேகத்துல போகுது.”

வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, “வாழ்க்கைல முத தடவயா மெதுவாப் போறவ கெலிச்சுட்ட போ” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்று அப்புறம் தெரிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

என் ரத்தத்தில் கிருமி இல்லை. முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். மாஸ்டர் கூட வந்து, ஊசி போடும்போது எனக்குப் பதிலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

டில்லிக்கு எழுதி, சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். ஆரோக்கியமானவர் என்று நான் காட்டியவர் நோயாளி, அவரை வைத்து நான் மெஷினைத் திருத்திவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். இனி ரத்தப் பரிசோதனை முடியாமல் யாரும் எங்கள் கட்டிலில் படுக்க முடியாது. திரையில் இருந்த நீலப் படத்தை எடுத்துவிட்டு, பாதியாக்காத சிவப்புப் படத்தை வைத்தேன். இதுவும் அவர்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குப்புராஜ் வந்தார். இந்த முறை 3.2, சிவப்பு. பார்த்துவிட்டு, “இப்பத்தானுங்க அம்மிணி உங்க மெஷினுக்குப் புத்தி வந்திருக்குது” என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று புரியாமல், அன்றைக்கு ஒரு ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் இருந்துதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 9

நடக்கப் போனோம். மாஸ்டர் என்னோடு சேர்ந்தே நடந்தார். எனக்காக மெதுவாக நடக்கிற மாதிரி காட்டிக்கொண்டார். நானும் நம்பிய மாதிரி காட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 21

எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்பதால் தீபாவளிக்கு நானும் எதையும் சுடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டில் ஒரே ஒரு முறுக்கை எடுத்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்ப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

டிசம்பர் 2

மாஸ்டர் மத்தியானம் தூங்கவில்லை. எழுதி வைக்கிறேன், பொருள் சொல்லமாட்டேன். பொருள் சொல்கிற வேலையை ஜூலையோடு விட்டுவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

சாக்ஸ் பள்ளம் போடவில்லை. ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை எண்ண முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அடுத்த மாதம் ஸ்கேன். டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

பயமாக இருக்கிறது. கிருமி குறைவது வேறு, தழும்பு இளகுவது வேறு.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஜூலைக்குப் பிறகு புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை. மாற்றவில்லை என்பதற்கு டாக்டர் ஷெரினையே சாட்சியாக வைத்துப் பூட்டியிருந்தேன். இன்றைக்குக் கருவியையும் தொடவில்லை. அவர் பிடித்தார், அவர் பட்டனை அழுத்தினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். மாஸ்டர் ஊசிக்குத் திரும்புவது ஏன் என்று நன்றாகப் புரிந்தது.

ஸ்பீக்கர் உறுமியது. மூச்சை நிறுத்துங்க சார், விடுங்க சார். மறுபடியும். கோணத்தைத் திருப்பினார். நான் கேட்காமலே இன்னும் ஒரு கோணம், விலாவின் இன்னோர் இடுக்கு. பிறகு உறுமல் நின்றது.

“திரும்புங்க மேடம்” என்றார் டாக்டர்.

வளையங்கள் முன்னைவிட நெருக்கமாக இருந்தன. எண்ணைப் பார்க்கும் முன்பே அது தெரிந்துவிட்டது. இத்தனை மாதமாக அந்தப் பழைய படத்தைத் தினமும் திரையில் பார்த்துவந்த கண் இது. சிவப்பு முழுக்கப் போகவில்லை. நடுவில் மஞ்சள், ஓரத்தில் பச்சை. எந்தக் கோணத்திலும் 2.0. நான் போட்ட பாதி எதுவும் இல்லை. ஈரல் தானே செய்த வேலை. இருட்டுக்குள், யாருக்கும் தெரியாமல், ஒரு மாத்திரையையும் இட்லியையும் வைத்துக்கொண்டு, தழும்பைப் பிரித்துப் பிரித்துத் தன்னைத் தைத்துக்கொண்டிருக்கிறது. நான் அந்தத் திரையைக் கும்பிட்டேன். டாக்டர் பார்த்தார், பார்க்கட்டும்.

மாஸ்டர் கட்டிலில் இருந்து கேட்டார். “இன்னும் ஓடுதா?”

“ஓடலீங்க” என்றேன். “நடக்குது.”

“உன்ற வேகத்துக்கா?”

“அதுக்கு இன்னும் வரலீங்க. உங்க நடை வேகம்.”

யோசித்தார். “அப்ப பாலத்துகிட்ட நின்னு பார்ப்போம். வந்து சேரட்டும்” என்றார். டாக்டருக்குப் பாலம் எது என்று தெரியாது, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தழும்பு இன்னும் இருக்கிறது. மாத்திரை ஆயுளுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே கட்டில், இதே உறுமல், இதே பயம். எல்லாம் தெரியும்.

சாயங்காலம் வாய்க்கால் ரோட்டில் கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். ரேஷன் கடையைத் தாண்டியதும் மாஸ்டர் முன்னால் போனார். நான் கூப்பிடவில்லை. என் வேகத்தில்தான் போனேன், ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம்கூடக் கூட்டவில்லை. வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. திட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதன் அருகே, நிமிர்ந்து நின்றுகொண்டு, மாஸ்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லேட்டு” என்றார்.